45 நிமிடங்களுக்கு ஒரு நாடாளுமன்ற ஆணை
முதல் உலகப்போரின்போது ஆயுத உற்பத்தி தடைபடலாகாது என்பதற்காக, 1915 முதல் பிரித்தானிய மதுக்கூடங்களின் நேரம் கடுமையாகக் குறைக்கப்பட்டது. போர் முடிந்தும் கட்டுப்பாடு முற்றாக நீங்கவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பெரும்பகுதியை நிலைப்படுத்தியது. பிற்பகல் மூடல் 1988இல்தான் தளர்ந்தது.

2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம், ‘விதிவிலக்கான முக்கியத்துவம்’ வாய்ந்த நிகழ்வுகளுக்கு நாடாளுமன்ற ஒப்புதலுடன் நேரத்தை நீட்டிக்க அமைச்சருக்கு அதிகாரமளித்தது. 2021இல் வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை ஆடவர் இறுதிப்போட்டிக்காக இரவு 10.30 மணி 11.15 ஆயிற்று. 2023இல் இங்கிலாந்து மகளிர் அணி உலகக்கோப்பை இறுதிப்போட்டியை எட்டியபோது நாடாளுமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது; ஞாயிறு காலை ஆட்டத்திற்கு ஆணை பிறக்கவில்லை. சட்டத்தின் சொல் ‘முக்கியத்துவம்’ என்றாலும், அவ்வாண்டில் அதை அளந்தது நாடாளுமன்ற நாட்காட்டியே.