மனுக்களில் பெயரும் திகதியும் சிதையாமலிருக்க மக்ரோ

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் ஒரே விபரத்தை எத்தனையோ இடங்களுக்கு எழுதிவிட்டார்கள். பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், ஜெனீவா எனப் பட்டியல் நீள்கிறது. குடும்பங்களின் விபரங்களை எக்செல் அட்டவணையில் வைத்திருந்தால், வேர்டின் 'மெயில் மேர்ஜ்' வசதியால் எல்லோருக்குமான மனுக்களை ஒரே தடவையில் எடுத்துவிடலாம். அப்படி வந்த மனுக்களைச் சரிபார்க்க நானும் உதவியிருக்கிறேன். ஒரே பிழைகள்தான் பக்கத்துக்குப் பக்கம் வரும். செய்யவேண்டிய திருத்தங்களை வரிசையாக எழுதிவைத்து, ஒரே கட்டளையில் நிறைவேற்றுவதே மக்ரோ.

திகதி: எக்செலில் இருந்து வரும் திகதி பெரும்பாலும் அமெரிக்க முறைக்கு மாறிவிடும். 2009 ஏப்ரல் 3 என்பது 4/3/2009 என்று நிற்கும். இங்கே அதை மார்ச் 4 என்றே வாசிப்பார்கள். இறுதி யுத்தத்தில் ஒரு மாத வித்தியாசம் என்றால் மக்கள் இருந்த இடமே வேறு. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும் மக்ரோ போதாது; தவறி இரண்டாம் தடவை ஓடினால் பழையபடி ஆகிவிடும். 2009.04.03 என ஆண்டை முன்னால் வைத்து எழுதச் செய்யுங்கள். மறுபடி ஓடினாலும் மாறாது.

பெயர்: பாமினியில் இருந்து யுனிகோடுக்கு மாற்றும்போது, 'பொ' என்பதன் கொம்பும் காலும் சில வேளை தனித்தனிக் குறியீடுகளாக நிற்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், தேடும்போது பொன்னம்பலம் என்ற பெயர் அகப்படாமல் போகலாம். இரண்டையும் ஒரே குறியீடாக்குவது மக்ரோவுக்கு இலகு. ஆனால் 'சௌந்தரி'யில் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' விழுந்திருந்தால் அதை மக்ரோவிடம் விடாதீர்கள். அதே விதி வெள்ளமுள்ளிவாய்க்கால் என்ற ஊர்ப் பெயரையும் சிதைத்துவிடும். அதைக் கண்ணால் பார்த்தே திருத்தவேண்டும்.

எழுத்துரு: வேர்டிலும் லிப்ரே ஒபிஸிலும் தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்திலிருந்து தனியாக அமைக்கப்படுபவை. மக்ரோவில் ஆங்கிலத்துக்குரியதை மட்டும் மாற்றினால் தமிழ் அப்படியே கிடக்கும்.

மக்ரோ வழியாகத் தீங்கான நிரல்களும் வரலாம். இணையத்தில் இருந்து வரும் கோப்புகளின் மக்ரோக்களை மைக்ரோசொப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பில் அந்தத் தடையை நீக்காதீர்கள். நீங்கள் அனுப்புவதையும் பிடிஎப் ஆக்கியே அனுப்புங்கள்.

மக்ரோவை எப்போதும் பிரதியொன்றில் ஓடவிடுங்கள். மூலக்கோப்பு அப்படியே இருக்கட்டும். அட்டவணையின் வரிசைகளும் மனுக்களின் எண்ணிக்கையும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள். கையெழுத்து வாங்குமுன் பெயர், இடம், திகதி மூன்றையும் அந்தக் குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.