கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும் வண்டி

மூர் மார்க்கெட் எரிந்து 40 வருடம் ஆகிவிட்டது. 1985ல் எரிந்துபோன அந்தக் கடைத்தெருவின் பெயர் இன்னமும் எங்கள் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ட்ரலை ஒட்டி, மார்க்கெட் இருந்த இடத்தில் கட்டிய புறநகர் நிலையத்திலிருந்து கிளம்பி, கொருக்குப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேரும். சில வண்டிகள் சூளூர்ப்பேட்டை வரைக்கும் போகும். மற்றவை இங்கேயே காலி. தூங்கிக்கொண்டிருப்பவரை யாராவது தோளில் தட்டுவார்கள். "இன்னாபா, ஊரு முடிஞ்சிடுச்சி. எறங்கு."

சின்ன வயதில் அதை அப்படியே நம்பினேன். ஊர் முடிந்துவிடும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது என்று. பிறகு கல்லூரிக்குச் சென்னை போனபோது, ஹாஸ்டல் பையன்கள் "கும்மிடிப்பூண்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். சென்னைக்காரர்களுக்கு அது ஊர் இல்லை, ஒரு தூரம். "அவன் கும்மிடிப்பூண்டிக்கு அந்தாண்ட இருக்கான்" என்றால் ரொம்ப தூரத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். நாங்கள் அந்தத் தூரத்தில் பல் தேய்த்து, பால் வாங்கி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம்.

ஊர் என்று சொன்னால் ஒரு பேரூராட்சி, ஒரு பஜார், ரயில்வே கேட், கொல்கத்தா போகும் நெடுஞ்சாலை, அதற்கு அந்தப் பக்கம் சிப்காட். உருட்டாலைகளும் வார்ப்படத் தொழிற்சாலைகளும் ரசாயன கம்பெனிகளும் இருக்கின்றன. மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் எடுத்து உதறினால் கறுப்பாக ஒரு பொடி விழும். அம்மா அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. "இன்னிக்கு ஜாஸ்தி" என்பாள், மழையைச் சொல்வது மாதிரி. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்ட் மாறும்போதெல்லாம் டீக்கடைக் கூட்டமும் மாறும். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் நெல் வயல், ஏரி, எருமை. கிராமமா டவுனா என்று கேட்டால் எங்களுக்கே பதில் தெரியாது. கிராமத்தின் வம்பும் உண்டு, டவுனின் வாடகையும் உண்டு.

மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். 1997 ஜனவரியில் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது என்று பேச்சு. ஆனால் திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் போகும் ரயில் பாதையில், நாங்கள் இருப்பது கூடூர் போகும் பாதையில். ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய் மாறித்தான் போகவேண்டும். பஸ்ஸில் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று சுற்றவேண்டும். ஒரு சாதிச் சான்றிதழ் மேல்முறையீட்டுக்காக அப்பா நாலு முறை போய் வந்தார். அதே நேரத்தில் அவர் நெல்லூருக்குப் போயிருக்கலாம்.

இங்கேதான் என் ஆயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். (ஆயா என்றால் பாட்டி. மற்ற ஜில்லாக்காரர்கள் இதைக் கேட்டுப் பள்ளிக்கூட ஆயாவை நினைத்துக்கொள்கிறார்கள்.) அவள் பிறந்த ஊர் கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது இரண்டு ஊரும் ஒரே மாநிலம், ஒரே செங்கல்பட்டு ஜில்லா, ஒரே பொன்னேரி தாலுக்கா. வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ். எதில் எது கலந்தது என்று அவளுக்கு வித்தியாசம் தெரியாது. திட்டும்போது மட்டும் சுத்தத் தெலுங்கு.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. அதற்கு முன்னும் பின்னும் சென்னை யாருக்கு, திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று நடந்த சண்டை நமக்குப் பாடமாகவே இருக்கிறது. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்டார். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். கடைசியில் எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்து, கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துக் கோடு போடச் சொன்னார். 1959ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது.

பாடம் அதோடு முடிந்துவிடும். ஆனால் அது ஒரு கொடுக்கல் வாங்கல். திருத்தணி வந்த அதே நாளில் பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களிலிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகமுள்ள கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு அப்படித்தான் போனது. அது நியாயமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கிராமங்களில் தெலுங்குதான் அதிகம், கணக்கு சரிதான். ஆனால் ஒரு வீட்டுக்குள்ளே எந்த மொழி அதிகம் என்று எப்படி எண்ணியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. என் ஆயா வீட்டில் எண்ணியிருந்தால் காலையில் ஒரு கணக்கும் ராத்திரி ஒரு கணக்கும் வந்திருக்கும்.

"அன்னிக்கி இன்னா ஆயா நடந்துது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இன்னா நடந்துது? ஒண்ணும் நடக்கல. கல்லு நட்டாங்க. அப்புறம் எங்கண்ணன் பட்டாவத் தூக்கினு வந்து, இது இன்னான்னு படிச்சி சொல்லுன்னான். அத்தினியும் தெலுங்கு எழுத்து."

அவளுடைய அண்ணனுக்குப் பேச்சு தெலுங்கு, படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத் தமிழ். தன் நிலத்துக் காகிதத்தைத் தானே படிக்க முடியாமல் கடைசிவரை இருந்தார். நிலம் அங்கேயேதான் இருந்தது. அதே வரப்பு, அதே கிணறு. அவர் தமிழ்நாட்டில் தூங்கி ஆந்திரத்தில் எழுந்தார். ஒரு அடி நகரவில்லை. ஆனால் ஒரு நாள்கூட அவர் நாடற்றவராக இருக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். அடுத்த தேர்தலில் அந்தப் பக்கத்துப் பட்டியலில் பெயர் வந்தது, போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

எங்களுக்கு எல்லை என்பது ரொம்ப நாள் ஒரு சௌகரியம்தான். ஆந்திரத்தில் பெட்ரோல் விலை அதிகம், ஆகவே லாரிகள் இந்தப் பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொண்டு எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டும். செல்போன் புதிதாக வந்தபோது ஆரம்பாக்கம் பக்கம் போனாலே அந்தப் பக்கத்து டவர் பிடித்து ரோமிங் காசு போய்விடும், ஆகவே போனை அணைத்து வைத்துக்கொள்வோம். இன்று சத்தியவேட்டுப் பக்கம் ஸ்ரீசிட்டி என்று பெரிய தொழிற்பேட்டை வந்துவிட்டது. 1960ல் கைவிட்டுப் போன நிலத்துக்கு இந்தப் பக்கத்துப் பையன்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் போகிறது. வடக்கெல்லைப் போராட்ட வரலாறு எழுதுகிறவர்கள் அந்த பஸ்ஸில் ஒருநாள் போய்ப் பார்க்கலாம்.

2020ல்தான் அந்தக் கோடு முதல்முறையாக எங்களைத் தடுத்தது. இ-பாஸ் இல்லாமல் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. சிப்காட்டில் வேலை செய்த பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் தலையில் பையோடு நெடுஞ்சாலையில் வடக்கே நடந்தார்கள். அந்த மே மாதம் ஆயாவின் அண்ணன் செத்துப்போனார். இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர். ஆயா கிளம்பி உட்கார்ந்திருந்தாள், நாங்கள் போனில் பாஸுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை. வீடியோவில் காட்டினார்கள். அவளுக்கு அந்தச் சின்னத் திரையில் அண்ணன் முகம் தெரியவில்லை. தெரிந்தது என்று எங்களுக்காகச் சொன்னாள்.

ஆயாவின் அண்ணனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொருவன் ஞாபகம் வருகிறான். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் வீடு முகாமில்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து மக்கள் கடல் தாண்டி வரத் தொடங்கினார்கள். 1990ல் போர் மறுபடி மூண்டபோது இன்னொரு பெரிய கூட்டம் வந்தது. மண்டபத்தில் இறங்கியவர்களைத் தமிழ்நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். தெற்குக் கரையில் இறங்கியவர்களில் ஒரு பகுதியை மாநிலத்தின் வடகோடிக்குக் கொண்டுவந்து சேர்த்ததுதான் கும்மிடிப்பூண்டி முகாம், தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. பத்துக்குப் பத்து அறைகள், மாதப் பணம், ரேஷன் அரிசி, குறித்த நாளில் கணக்கெடுப்பு. அன்றைக்கு ஆள் நேரில் நிற்கவேண்டும். அவர்கள் வந்த மறுவருஷம், 1991 மே மாதம், எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு கெடுபிடிகள் கூடின. முகாம் பிள்ளைகளின் கல்விச் சலுகைகள் சில வருடங்களுக்கு நிறுத்தப்பட்டன. என் நண்பன் அந்த வருஷம் பிறந்தவன், நானும்தான். ஒரே அரசு ஆஸ்பத்திரி.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 1987 ஜூலை 1 என்று ஒரு தேதி இருக்கிறது. 1950 ஜனவரி 26க்குப் பிறகு, அந்தத் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுக்கம். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போய், பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். கும்மிடிப்பூண்டி முகாமே 1990ல் வந்தது. ஆகவே இங்கே பிறந்த ஒருவருக்கும் அந்த வாசல் திறக்காது. 2019ல் வந்த திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கை அதில் இல்லை. 2021ல் தமிழக அரசு ₹317.40 கோடிக்குத் திட்டங்கள் அறிவித்து, முகாமின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகள் கட்டும் பணி தொடங்கியது. அதையெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாது, மழைக்கு ஒழுகாத கூரை என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

என் நண்பன் பெயின்டிங் வேலைக்குப் போகிறான். முகாமில் நிறையப் பேருக்கு அதுதான் தொழில். பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட அறுபது மார்க் கூட வாங்கியவன். அவன் பேச்சில் முன்பு "ஓம்" இருந்தது, பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்து செய்து அதை நாங்களே எடுத்துவிட்டோம். இப்போது என்னைவிட நன்றாக "இன்னாடா" போடுகிறான், வீட்டுக்குப் போனதும் அவன் அம்மாவிடம் மட்டும் "ஓம்". சிப்காட்டில் வந்து மூன்று வருஷம் இருந்த ஒடிசாக்காரர் இங்கே முகவரி மாற்றி ஓட்டுப் போடலாம். அவருக்கு உரிமை உண்டு, போடட்டும். இவன் முப்பது வருஷத்துக்கும் மேலாக இங்கே இருக்கிறான், ரயில்வே கேட் எப்போது மூடும் என்று கடிகாரம் பார்க்காமல் சொல்வான், எந்தப் பட்டியலிலும் இல்லை. ஊர்த் திருவிழாவுக்குக் கோபுரத்துக்கு வர்ணம் அடித்ததும் அவன்தான்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, வாக்குப்பதிவு. அவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. என் வண்டி பஞ்சர், அவனைக் கூப்பிட்டேன், வந்து ஏற்றிக்கொண்டான். பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டர் முன்னால் ரோட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். கட்சிக்காரர்கள் இந்தப் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த அதே பள்ளிக்கூடம். பூத் இருந்தது எங்கள் பழைய வகுப்பறையிலேயே. அவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் வண்டியை ஸ்டாண்ட் போட்டான்.

"உள்ள வரைக்கும் வாயேன், நிழலா இருக்கும்" என்றேன்.

"வேணாம்டா, போலீஸ் நிக்கிறாங்க. நீ போட்டுனு வா."

வரிசையில் முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது வேப்பமரத்தடிக்கு வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். என் விரலைப் பிடித்து மையைப் பார்த்தான். பெயின்டர் கண், நகத்தில் பட்டது எத்தனை நாளில் போகும், தோலில் பட்டது எத்தனை நாள் நிற்கும் என்று சொன்னான். பிறகு, நம்ம கிளாஸ் ரூம் சுவர் இப்போ என்ன கலர் என்று கேட்டான். நான் பார்க்கவில்லை.