விபத்து இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும்: விழுக்காட்டுப் பேரம் சட்டவிரோதம்

விபத்தில் காயமுற்றவர் கண் விழிக்கும் முன்பே, மருத்துவமனைப் படுக்கையருகே வக்காலத்துத் தாள் வந்து சேர்ந்துவிடுவதுண்டு. "முன்பணம் எதுவும் வேண்டாம், இழப்பீடு வந்த பிறகு இத்தனை விழுக்காடு கொடுத்தால் போதும்" என்பார் தரகர். அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது பேருதவியாகத் தோன்றும். ஆனால், இந்தியச் சட்டத்தின்படி அத்தகைய ஒப்பந்தம் செல்லாது. அதுமட்டுமன்று, பட்டியல் சாதியினரும் பட்டியல் பழங்குடியினரும் வழக்கறிஞரைக் கட்டணமின்றிப் பெறச் சட்டப்படி உரிமை உடையவர்கள். இவ்விரு செய்திகளும் உரியவர்களைச் சென்றடையாத வரை, ஊனமுற்ற உடலுக்காக வழங்கப்படும் தொகையின் ஒரு பகுதி பிறர் கைக்குப் போய்க்கொண்டேயிருக்கும்.

விழுக்காட்டுக் கட்டணம் ஏன் கூடாது?

அமெரிக்காவில் இழப்பீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வழக்கறிஞர் பெறுவது சட்டம் ஏற்ற நடைமுறை. இணையத்தில் காணும் "வெற்றி பெற்றால் மட்டுமே கட்டணம்" என்னும் விளம்பரங்கள் அந்நாட்டுச் சட்டத்தைச் சார்ந்தவை. இந்தியாவின் நிலை வேறு. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகளில் வழக்கறிஞர் நடத்தை குறித்த 20ஆம் விதி தடை செய்கிறது. இத்தகைய ஒப்பந்தம் தொழில்முறை ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டிலேயே கூறியது.

2017 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் தெலங்கானா மாநில வழக்கொன்றில் வழங்கிய தீர்ப்பு, விபத்து இழப்பீட்டையே நேரடியாகத் தொட்டது. சாலை விபத்தில் கணவரை இழந்த பெண் ஒருவர், கட்டணமாக 10 லட்சம் ரூபாய் செலுத்திய பின்னரும் மேலும் 3 லட்சத்திற்குக் காசோலை தருமாறு நெருக்கப்பட்டதாக முறையிட்டார். அக்காசோலை பணமின்றித் திரும்பியதால் அவர் மீதே வழக்குத் தொடுக்கப்பட்டது. இழப்பீட்டுத் தொகையின் விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்ட கட்டணக் கோரிக்கை பொதுநலக் கொள்கைக்கு முரணானது, சட்டவிரோதமானது எனக் கூறி நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. விழுக்காட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுவிட்டோமே என்று அஞ்சும் குடும்பங்களுக்கு இத்தீர்ப்பே அரண்.

இழப்பின் அளவு

ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். 28 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவரின் மாத வருமானம் 12,000 ரூபாய் எனத் தீர்ப்பாயம் ஏற்கிறது. அவரது உழைப்புத் திறனில் 40 விழுக்காடு நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்றும் முடிவு செய்கிறது. எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் மாத வருமானம் 16,800 ரூபாய் ஆகும். அவ்வயதிற்குரிய பெருக்கி 17. எனவே வருமான இழப்புக்கான தொகை மட்டும் 13,70,880 ரூபாய். இதில் 25 விழுக்காட்டைப் பிறர் எடுத்துக்கொண்டால் 3,42,720 ரூபாய் போய்விடும். அது அவரது 28 மாத ஊதியத்தைவிட அதிகம். மருத்துவச் செலவுக்கும் வலி வேதனைக்கும் வழங்கப்படும் தொகைகளிலும் பங்கு எடுக்கப்பட்டால் இழப்பு இன்னும் கூடும்.

இக்கணக்கில் சாதி மறைவாகச் செயல்படுகிறது. வருமானச் சான்று இல்லாத விவசாயக் கூலிகள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் போன்றோரின் வருமானத்தைத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் அனுமானமாகவே நிர்ணயிக்கின்றன. ஊதியச் சீட்டு வழங்கப்படாத வேலைகளிலேயே தலித் மக்கள் பெரிதும் ஒதுக்கப்பட்டிருப்பதால், தொடக்கத் தொகையே குறைந்துவிடுகிறது. அவ்வாறு குறைந்த தொகையில்தான் விழுக்காடும் எடுக்கப்படுகிறது.

முறையான செலவுகள் எவை?

வழக்கறிஞர் உழைப்புக்கு ஊதியம் பெறுவது நியாயமானதே. முழு வழக்கிற்கும் ஒரே தொகை, கட்டம் கட்டமாகத் தொகை, ஒவ்வொரு வாய்தாவிற்கும் தொகை என எவ்வகையிலும் கட்டணம் பேசலாம். அது தீர்ப்பில் கிடைக்கும் தொகையோடு பிணைக்கப்படக் கூடாது என்பதே விதி. இவை தவிர நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள், ஊனத்தின் அளவை மதிப்பிடும் மருத்துவச் சான்று, மருத்துவரைச் சாட்சியாக அழைக்கும் செலவு ஆகியவை எழும். கட்டணத்தையும் செலவையும் தனித்தனியே எழுத்தில் பெறுவதும், செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்பதும் நல்லது.

கட்டணம் பாக்கியிருப்பதாகக் கூறி வழக்குக் கட்டை நிறுத்திவைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. எனவே வழக்கறிஞரை மாற்ற விரும்புவோர் ஆவணங்களைத் திரும்பக் கேட்கலாம்.

கட்டணமில்லாச் சட்ட உதவி

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, இலவசச் சட்ட உதவிக்கு உரியோரைப் பட்டியலிடுகிறது. அதில் முதலிடத்தில் இருப்போர் பட்டியல் சாதியினரும் பட்டியல் பழங்குடியினரும். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், சாதி வன்கொடுமைக்கு ஆளானோர் ஆகியோரும் அப்பட்டியலில் உள்ளனர். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அரசு ஊழியரான தலித் ஒருவரும் இவ்வுதவியைக் கோரலாம்.

வழக்கறிஞர் மட்டுமின்றி, நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், சான்றிட்ட நகல்கள் ஆகியவற்றின் செலவையும் இவ்வுதவி ஏற்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ சாதிச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம். ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் உள்ள ஒருவரைக் குறிப்பிட்டுக் கேட்கவும் இடமுண்டு. மேல்முறையீட்டிற்கு உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

விழுக்காட்டு முறைதான் ஏழைகளுக்கு நீதிமன்றக் கதவைத் திறக்கிறது என்று வாதிடுவோர் உள்ளனர். பணமில்லாதவருக்கு வேறு வழியில்லை என்றால் அவ்வாதத்தில் பொருள் இருக்கும். ஆனால் வேறு வழி சட்டத்திலேயே இருக்கிறது. அவ்வழியில் குறைகள் உண்டு. பட்டியல் வழக்கறிஞர்களுக்கு அரசு வழங்கும் ஊதியம் குறைவு, அக்கறையின்றி நடத்தப்படும் வழக்குகளும் உண்டு. அக்குறைகளைச் சுட்டி முறையிடுவதும் வழக்கறிஞரை மாற்றித் தரக் கோருவதும் இயக்கங்களின் பணி. உரிமையைக் கைவிட்டுத் தரகரிடம் செல்வது தீர்வாகாது.

தரகர் தேவைப்படாத தொகைகள்

சில தொகைகளைப் பெற இழப்பீட்டு வழக்கே தேவையில்லை. அடையாளம் தெரியாத வாகனம் மோதிய விபத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின் கீழ் வழங்கப்படும். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, சாதி வன்முறையில் காயமுற்றோருக்கான தீருதவித் தொகையை மாவட்ட நிர்வாகமே வழங்க வேண்டும். குற்ற வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞருக்குப் பாதிக்கப்பட்டோர் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இத்தகைய பணியில் நிரந்தர ஊனமுற்றோருக்கு 20 லட்சத்திற்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. இவை அரசின் கடமைகள். இவற்றில் எவருக்கும் பங்கில்லை.

செய்ய வேண்டியவை

முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவ ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களைக் குடும்பமே வைத்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. அவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாக்கப்பட்டிருந்தாலும், அதற்குள் விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. விபத்து நடந்த ஊரில் மட்டுமின்றி, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலும் வழக்குத் தொடரலாம். வெளியூரில் விபத்துக்குள்ளாகும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு இதனால் பயணச் செலவு மிஞ்சும்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்திற்கு இசையும் முன் தொகையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அங்கு ஏற்கப்பட்ட தொகைக்கு மேல்முறையீடு இல்லை. தீர்ப்புக்குப் பின் பணம் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாக வர வேண்டும் எனக் கேட்கலாம். எழுதப்படாத காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ எவருக்கும் கையொப்பமிட்டுத் தரக் கூடாது. விழுக்காடு கேட்கும் வழக்கறிஞர் மீது மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆவது பிரிவின் கீழ் புகார் அளிக்கலாம். சட்ட உதவி வழக்கறிஞர் பணம் கேட்டால் மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் முறையிடலாம்.

சட்டம் பயிலும் மாணவர்களும் களப்பணியாளர்களும் செய்யக்கூடிய எளிய பணி ஒன்று உண்டு. விபத்து நடந்த குடும்பத்தைத் தரகர் சென்றடையும் முன் சென்றடைவதும், சாதிச் சான்றிதழோடு அவர்களைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கு அழைத்துச் செல்வதுமே அது. இழந்த கையையோ காலையோ எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. அதற்கு ஈடாக வரும் தொகையாவது முழுமையாக அவர்கள் கைக்கு வர வேண்டும்.