செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

உடல் தளர்ந்துபோன முதியவர்களோடு வேலை செய்யும் உளவியலாளர் தினமும் என்னதான் செய்வார்? டாக்டர் மருந்து எழுதுவார், நர்ஸ் ஊசி போடுவார், பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்து நடக்க வைப்பார். உளவியலாளர்? 'பக்கத்துல உக்காந்து ஆறுதலா நாலு வார்த்தை பேசுவாங்க' என்பதுதான் நான் கேட்ட பெரும்பாலானோர் சொன்ன பதில்.

அது கால் பங்கு பதில். மீதி முக்கால் பங்கைத் தேடிப் போனால் 1970களின் அமெரிக்காவில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு தொட்டிச் செடி, ஒரு சினிமா, சில கல்லூரி மாணவர்களின் வருகை. பார்க்க அற்பமான விஷயங்கள்தான். ஆனால் இந்தத் தொழில் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட இரண்டு பெரிய உண்மைகள் இதற்குள் இருக்கின்றன. அதில் இரண்டாவது கொஞ்சம் கசப்பானது.

முன்கதை

முதியவர்களுக்கென்றே உளவியல் ஆலோசனை என்பதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் லில்லியன் மார்ட்டின். ஸ்டான்ஃபோர்டில் உளவியல் பேராசிரியர். 1916-ல், 65 வயதில் ஓய்வு. 1929-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதியோருக்கான ஆலோசனை மையத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 78! ஆனால் ஆலோசனை மையம் என்பது தேடி வருபவர்களுக்கானது. படுக்கையை விட்டு எழ இன்னொருவர் கை வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

அந்த வேறு இடத்துக்கு அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்று பெயர். நம்ம ஊரில் இந்தச் சொல்லுக்கு சின்ன தனியார் ஆஸ்பத்திரி என்று அர்த்தம். அங்கே அது முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லம். 1965-ல் மெடிகேர், மெடிகெய்ட் என்ற இரண்டு அரசுத் திட்டங்கள் வந்ததும் இந்த இல்லங்களுக்குப் பணம் பாய ஆரம்பித்தது, எண்ணிக்கையும் ஏறியது. உள்ளே இருப்பவர்களின் மனநிலை என்ன என்ற கேள்வி அப்போதுதான் உளவியலாளர்களின் மேஜைக்கு வருகிறது.

முதலில் வந்தவை அளவுகோல்கள். ஃபிலடெல்ஃபியா முதியோர் மையத்தில் வேலை பார்த்த பவல் லாட்டன் என்ற உளவியலாளரும், எலெய்ன் பிராடி என்ற சமூகப் பணியாளரும் 1969-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். டெலிபோன் பேச முடிகிறதா, கடைக்குப் போக முடிகிறதா, சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், வெளியே போய் வருதல், மருந்தை நேரத்துக்கு எடுத்தல், பணத்தைக் கையாளுதல் என்று மொத்தம் எட்டு. இன்றுவரை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கும் அளவுகோல் இது. இதில் ஒரு சுவாரஸ்யம்: ஆரம்பத்தில் பெண்களுக்கு மதிப்பெண் எட்டுக்கு, ஆண்களுக்கு ஐந்துக்குத்தான். சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் ஆண்களிடம் கேட்கவே இல்லை. அந்தக் காலத்து வீடு அப்படியே அட்டவணைக்குள் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

சரி, ஒருவரால் என்ன 'முடியும்' என்று அளந்தாயிற்று. முடிகிற அளவுக்காவது அவரை முடிவெடுக்க விடுகிறோமா? இந்தக் கேள்விக்குத்தான் அடுத்த சோதனை.

ஆர்டன் ஹவுஸ், இரண்டு மாடிகள்

கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்றொரு பராமரிப்பு இல்லம். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு இளம் உளவியலாளர்கள் அங்கே ஒரு சோதனை செய்து 1976-ல் வெளியிட்டார்கள். நான்காம் மாடியில் 47 பேர், இரண்டாம் மாடியில் 44 பேர். வயது 65-லிருந்து 90 வரை.

இல்லத்தின் நிர்வாகி இரண்டு மாடியிலும் தனித்தனியாகக் கூட்டம் போட்டுப் பேசினார். நான்காம் மாடியில் அவர் சொன்னதன் சாரம்: உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிச் செலவிடுவது, குறை இருந்தால் சொல்வது எல்லாம் உங்கள் பொறுப்பு. பிறகு ஒரு பெட்டியில் செடிகள் வந்தன. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம், பிடித்ததை எடுக்கலாம், பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அடுத்த வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சினிமா. எந்த நாள் பார்ப்பது, பார்ப்பதா வேண்டாமா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் மாடியிலும் அன்பான பேச்சுதான். உங்கள் மகிழ்ச்சி எங்கள் பொறுப்பு, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற தொனி. அங்கேயும் ஆளுக்கொரு செடி. ஆனால் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றுவது நர்ஸ். அங்கேயும் சினிமா. ஆனால் எந்த நாள் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, சோதனை எதைப் பற்றியது என்று தெரியாத நர்ஸ்கள் மதிப்பெண் போட்டார்கள். மதிப்பீட்டில் வந்தவர்களில், நான்காம் மாடியில் 93 சதவீதம் பேரிடம் முன்னேற்றம். இரண்டாம் மாடியில் 21 சதவீதம். அங்கே 71 சதவீதம் பேர் முன்பைவிடத் தளர்ந்திருந்தார்கள். ஒரு ஜாடியில் எத்தனை ஜெல்லி மிட்டாய் என்று ஊகிக்கும் போட்டி வைத்தபோது நான்காம் மாடியிலிருந்து பத்து பேர் கலந்துகொண்டார்கள். இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர்.

இரண்டாம் மாடியில் யாரும் கொடுமைப்படுத்தவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. 'நீங்க சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்' என்றுதான் சொன்னார்கள். நம் வீடுகளில் பாசத்தோடு தினமும் சொல்லும் அதே வாக்கியம்.

கணக்கைச் சரிபார்த்தால்

1977-ல் இருவரும் தொடர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 மாதங்களில் நான்காம் மாடியில் 47 பேரில் 7 பேர் இறந்திருந்தார்கள். இரண்டாம் மாடியில் 44 பேரில் 13 பேர். அதாவது 15 சதவீதம், 30 சதவீதம். 'செடி வளர்த்தால் ஆயுள் இரட்டிப்பு' என்ற ரீதியில் இன்றும் சுயமுன்னேற்றப் பேச்சுகளில் வருவது இந்த எண்தான்.

இங்கே என் தொழில் புத்தி குறுக்கே வந்துவிட்டது. பைத்தானில் நாலு வரி எழுதி இரண்டு விகிதங்களையும் ஒப்பிட்டேன். இசட் மதிப்பு 1.69. வழக்கமாக ஏற்கும் எல்லை 1.96. புரியும்படி சொன்னால், இரண்டு மாடிக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வர நூற்றுக்கு ஒன்பது வாய்ப்பு. அந்த ஆய்விதழே 1978-ல் ஒரு திருத்தம் வெளியிட்டிருக்கிறது: முதலில் அச்சான கணக்கு தப்பு, வித்தியாசம் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது என்று. திருத்தத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை.

இன்னொன்று, ஆட்களைக் குலுக்கிப் பிரிக்கவில்லை, மாடிகளைத்தான் பிரித்தார்கள். மாடிக்கு மாடி நர்ஸ் வேறு, அக்கம்பக்கம் வேறு. ஆகவே உயிர் நீண்டது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று வாரத்தில் தெரிந்த உற்சாகம், அந்த ஜெல்லி மிட்டாய் போட்டி, அதை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். அதுவே சின்ன விஷயம் இல்லை.

மாணவர்கள் வருவது நின்றபோது

அதே 1976, அதே ஆய்விதழ். ரிச்சர்ட் ஷூல்ஸ் என்பவர் ஒரு முதியோர் இல்லத்தில் 40 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார். மூன்று குழுக்களைப் பார்க்கக் கல்லூரி மாணவர்கள் வருவார்கள். முதல் குழு, மாணவர் எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்று தாங்களே தீர்மானிக்கலாம். இரண்டாம் குழுவுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் எப்போது வருவார் என்று முன்கூட்டியே தெரியும். மூன்றாம் குழுவுக்கு எதுவும் தெரியாது, திடீரென்று வருவார். நான்காம் குழுவுக்கு யாரும் வரமாட்டார்கள்.

இரண்டு மாதத்தில் முதல் இரண்டு குழுக்களும் மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தன. சுவாரஸ்யம், முதல் குழுவுக்கும் இரண்டாம் குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு அந்தப் பிள்ளை வரும்' என்று தெரிந்திருப்பதே பாதி மருந்து.

ஆய்வு முடிந்தது. மாணவர்கள் படிப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

1978-ல் ஷூல்ஸும் பார்பரா ஹனுசாவும் அதே முதியவர்களைப் பற்றிய தொடர் அறிக்கையை வெளியிட்டார்கள். நன்றாக இருந்த அந்த இரண்டு குழுக்களும் ஆய்வு நின்றபின் சடாரென்று சரிந்திருந்தன. யாருமே வராத குழு ஏறவும் இல்லை, அப்படிச் சரியவும் இல்லை. கட்டுரையின் தலைப்பிலேயே 'அறம் சார்ந்த பிரச்சினைகள்' என்று சேர்த்திருந்தார்கள். நல்லது செய்யப் போய், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எண்களில் எழுதிய கட்டுரை அது.

ஆர்டன் ஹவுஸ் செடி சோதனைக்குப் பிறகும் அங்கேயே இருந்தது. மாணவர் இல்லை. இரண்டு முடிவுகளும் எதிரெதிராகப் போனதற்கு இதுவும் ஒரு விளக்கமாக அப்போதே பேசப்பட்டது.

அப்போ அந்த வேலை என்ன?

மேலே கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். தளர்ந்த முதியவர்களோடு வேலை செய்யும் உளவியலாளரின் பெரும்பகுதி வேலை, அந்த மனிதரிடம் இன்னும் மிச்சமிருக்கும் முடிவுகளைக் கண்டுபிடித்து, அவை அவர் கையிலேயே இருக்கும்படி செய்வது. குளியல் காலையா மாலையா, கட்டில் ஜன்னலோரமா, சட்டை எது, கதவு திறந்திருக்கணுமா. அவரிடம் பேசுவதற்குச் சமமாக நர்ஸ்களிடமும், வீட்டாரிடமும் பேச வேண்டியிருக்கும். ஏனென்றால் முடிவுகளைப் பறிப்பது பெரும்பாலும் அன்பும் அவசரமும்தான். ஊட்டிவிட்டால் பத்து நிமிடம். அவரே சாப்பிட்டால் நாற்பது.

இரண்டாவது பாதி, தான் போகும் நாளை முதல் நாளே யோசிப்பது. எத்தனை வாரம் வருவேன் என்று சொல்லிவிட்டு ஆரம்பிப்பது, கிளம்பும் முன் அந்த இடத்தில் வேறு ஒரு ஆளையோ வேறு ஒரு பழக்கத்தையோ ஊன்றிவிட்டுப் போவது. ஒரு சர்வரை அணைக்கும் முன் அதை நம்பி எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று நாங்கள் பார்ப்போம். இங்கே நம்பி ஓடிக்கொண்டிருப்பது 82 வயது அம்மா ஒருவரின் செவ்வாய்க்கிழமை.

1987-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பராமரிப்பு இல்லங்களுக்கான சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. தன் பராமரிப்புத் திட்டத்தைத் தீர்மானிப்பதில் பங்கேற்பது, ஊழியர் வசதிக்காகக் கட்டிப்போடப்படாமல் இருப்பது எல்லாம் அங்கே தங்குபவரின் சட்ட உரிமை ஆயின. இந்தச் சோதனைகளால்தான் சட்டம் வந்தது என்று கோடு போட மாட்டேன். அதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் உண்டு. ஆனால் சட்டம் எழுதிய உரிமையும் நான்காம் மாடியில் அந்த நிர்வாகி பேசிய பேச்சும் ஒரே ஜாதிதான்.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். இன்று காலையிலிருந்து அவர்கள் தானாக எடுத்த முடிவு எத்தனை என்று ஒரு தாளில் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் செடி வாங்கப் போக வேண்டாம், சினிமாவும் வேண்டாம். மதியம் என்ன சமைக்கலாம் என்று கேளுங்கள், சொன்னதைச் சமையுங்கள். நாளைக்கும் கேளுங்கள்.

அடுத்த பதிவில் லாட்டன் திரும்ப வருவார். 1973-ல் லூசில் நஹெமோவோடு சேர்ந்து அவர் எழுதிய, மனிதரின் திறனுக்கும் சூழலின் அழுத்தத்துக்கும் உள்ள கணக்கு பற்றி.