செக்கோவுக்கு வந்த கடிதம்

1886ஆம் ஆண்டில் அன்ரன் செக்கோவ் 26 வயதினர், மொஸ்கோவிலே மருத்துவர். குடும்ப வறுமையைப் போக்குதற்பொருட்டு நகைச்சுவை ஏடுகளுக்குப் புனைபெயரிற் கதைகளை எழுதிக் குவித்துவந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் முதுபெரும் எழுத்தாளரான கிரிகொரோவிச் அவருக்கொரு கடிதம் விடுத்தார். மெய்யான ஆற்றல் அவருக்கு வாய்த்திருக்கின்றதென்றும், பட்டினி கிடக்க நேரினும் அவசர எழுத்தைக் கைவிடவேண்டுமென்றும் அதில் வற்புறுத்தினார்.

எந்தக் கதைக்கும் ஒருநாளுக்குமேற் செலவிட்டதாகத் தமக்கு நினைவில்லையெனச் செக்கோவ் மறுமொழியில் ஒப்புக்கொண்டார். கிரிகொரோவிச் பாராட்டிய 'வேட்டைக்காரன்' கதையும் குளிக்குமிடத்தில் இருந்து எழுதியதே என்றார்.

1887இற் கிரிகொரோவிச்சுக்கே காணிக்கையாக்கிய கதைத்தொகுதி மறு ஆண்டிற் புஷ்கின் பரிசு பெற்றது. 1888இல் வெளிவந்த 'ஸ்தெப்பி' என்னும் நெடுங்கதைக்கு அவர் வாரக்கணக்கில் உழைத்தார். கதை சொல்லுந் திறன் அவருக்கு முன்பே இருந்தது. அதனை மதிக்கும் பொறுமையே அவர் பின்பு கற்றது.