நெட்டி முறித்தலும் விரல் மூட்டுகளும்: ஓர் அச்சத்தின் வரலாறு

கம்பளையில் கழிந்த எமது பிள்ளைப் பராயத்தில், விரல்களை மடக்கி நெட்டி முறித்தால் அம்மாயியின் அதட்டல் உடனே வந்துவிடும். "முறிக்காதேடா, வயசு போன காலத்தில விரலெல்லாம் கோணிப் போகும்" என்பார். அதே அம்மாயிதான், நாங்கள் புத்தாடை அணிந்து நின்றால், இரு கைகளாலும் எம்மைச் சுற்றி, தமது நெற்றிப்பொட்டில் விரல்களை அழுத்திச் சடசடவென முறித்துத் திருஷ்டி கழிப்பவர். எத்தனை நெட்டி முறிகிறதோ அத்தனை கண்ணேறு இருந்ததாகப் பொருள். இந்த முரண்பாட்டை அன்று எவரும் கேட்டதில்லை.

அவரது அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் திறந்த காலந்தொட்டு, இம்மலைகளில் எம்மவரின் பிழைப்பு கைகளையே நம்பியிருந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் கொழுந்து கொய்தவை அதே விரல்கள்தாம். விரல் போனால் பெயரும் போகும். அன்றைய கூலியும் போகும்.

முதுமையில் அம்மாயியின் விரல் கணுக்கள் வீங்கின. "சின்ன வயசில நெட்டி முறிச்ச வினை" என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். வைத்தியரிடம் செல்ல மறுத்துவிட்டார். அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற வினா பல்லாண்டுகளாக என்னை விட்டகலவில்லை.

அறிவியல் இவ்வினாவை எடுத்துக்கொண்ட வரலாறு சுவையானது. 1947ஆம் ஆண்டு இலண்டனில் ரொஸ்டன், ஹெய்ன்ஸ் என்னும் இருவர் விரலை இழுத்து எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்தனர். ஓசை எழும்போது எலும்புகள் சட்டென விலகி, இடையே வாயுக் குமிழ் தோன்றுவதைக் கண்டனர். ஆக, முறிவது எலும்பன்று. மூட்டுக்கு எண்ணெய் போலிருக்கும் திரவத்தில் கரைந்துள்ள வாயுவே குமிழாகிறது. 1971இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குமிழ் நொறுங்குவதே ஓசைக்குக் காரணம் என்றனர். ஒருமுறை முறித்த விரல் மீண்டும் ஒலிக்க ஏறக்குறைய இருபது நிமிடங்கள் செல்வதையும் எடுத்துக்காட்டினர். 2015இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் காந்த ஒத்ததிர்வுப் படங்களின் துணையுடன், குமிழ் தோன்றும் கணமே ஒலிக்கும் கணம் என்றனர். 2018இல் சந்திரன் சுஜா, பரகாத் ஆகியோரின் கணித மாதிரி, குமிழ் பாதி நொறுங்கினாலே அவ்வோசை எழக்கூடும் எனக் காட்டியது. ஓசையைப் பற்றிய விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை.

ஓசை கிடக்கட்டும், தீங்கு உண்டா? கலிபோர்னிய வைத்தியர் டொனால்ட் அங்கர், தாயாரும் சிற்றன்னையரும் விடுத்த எச்சரிக்கையைத் தமது கைகளிலேயே சோதித்தார். ஐம்பது ஆண்டுகள் இடக்கை விரல்களை மட்டும் நாளுக்கு இருமுறையேனும் முறித்தார்; குறைந்தது 36,500 தடவைகள். 1998இல் அவர் வெளியிட்ட முடிவு: இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் 'இக்நோபல்' பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஒருவர் கையை வைத்து உலகுக்கு விதி எழுத முடியாதுதான். ஆயினும் 2011இல் அமெரிக்காவில் 215 பேரின் கைகளை ஆராய்ந்தபோதும், முறிப்போருக்கும் முறிக்காதோருக்கும் இடையே மூட்டுத் தேய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். 1990இல் 300 பேரை ஆராய்ந்தவர்கள், முறிப்போரிடம் மூட்டுவாதம் மிகுதியாக இல்லாவிடினும் கை வீக்கமும் பிடிவலுக் குறைவும் கூடுதலாக இருந்ததாக எழுதினர். பிற்கால ஆய்வுகள் சில அதனை உறுதிப்படுத்தவில்லை.

வாசக அன்பர்களே, வலியின்றி எழும் நெட்டியொலிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே இதுவரை கிடைத்த சான்றுகளின் சாரம். ஆனால் வீக்கமும் வலியும் காலையில் விரல் மடங்காத விறைப்பும் வேறு கதை. முதுமை, பரம்பரை, பழைய காயம், நோயெதிர்ப்புக் கோளாறு எனக் காரணங்கள் பல. அவற்றுட் சிலவற்றை ஆரம்பத்திலேயே மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

அம்மாயிக்கு என்ன நோய் என்பது எமக்குத் தெரியாமலே போயிற்று. தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டு வலியைச் சுமந்தார். இன்றும் லயன் அறைகளில் அவ்வாறே எண்ணியிருக்கும் மூதாட்டிமார் இருக்கக்கூடும். அவர்களது பேரப்பிள்ளைகள் இதனை வாசிக்க நேர்ந்தால், ஒரு வேண்டுகோள்: "அது உங்கள் பிழையல்ல, அம்மாயி" என்று சொல்லி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.