டார்லிங் ஆறு நின்றபோது

1991ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தூரத்துக்கு நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. ஆற்றை நம்பியிருந்த ஊர்களுக்கு ராணுவம் வந்து குடிநீரைச் சுத்திகரித்துக் கொடுத்தது. கரையில் தண்ணீர் குடித்த ஆடுமாடுகள் செத்தன.

அந்த நதித் தொகுதிக்கு நச்சுப்பாசி புதிதல்ல. டார்லிங் சேரும் மர்ரே ஆறு கடலை நெருங்கும் இடத்தில் அலெக்சாண்ட்ரினா ஏரி இருக்கிறது. நச்சுப்பாசி பற்றிய முதல் அறிவியல் குறிப்பு இந்த ஏரியைப் பற்றியதே. 1878இல் ஜார்ஜ் பிரான்சிஸ் அதை 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆற்றில் நீர் வற்றி, வெயில் ஏறியிருந்த பருவம் அது. காற்று கரைக்கு ஒதுக்கிய பாசி 2 முதல் 6 அங்குலக் கனத்துக்குக் கூழ்போலத் திரண்டு கிடந்தது. அதைக் குடித்த செம்மறியாடுகள் சில மணி நேரத்திலேயே மடிந்தன.

டார்லிங்கின் நீர் களிமண் கலங்கல். வெளிச்சம் மேல்மட்டத்தைத் தாண்டி இறங்காது. ஓடும் நீர் பாசியை ஓயாமல் புரட்டி இருட்டுக்குள் இழுப்பதால் அது பெருக முடிவதில்லை. ஆனால் 1897இல் பர்க் ஊரில் கட்டியது போன்ற தடுப்பணைகள் ஆற்றைத் தேக்கின. 1960களிலிருந்து துணையாறுகளின் நீர் பருத்திப் பாசனத்துக்குப் போனது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1991இல் ஓட்டம் ஏறக்குறைய நின்றது. தேங்கிய நீரில் சூடான மேலடுக்கும் குளிர்ந்த கீழடுக்கும் கலப்பதில்லை. அனபீனா என்னும் பாசியின் செல்களுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. புரட்டல் ஓய்ந்ததும் அது மிதந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும். மிதக்கத் தெரியாத பாசிகள் அமிழ்ந்துபோகும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வண்டலிலிருந்து பாஸ்பரஸ் கரைந்து வந்து அனபீனாவுக்கு உரமாகும். வயல்களிலிருந்து வடியும் உரத்தை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான்.

மழை பெய்து ஆறு ஓடத் தொடங்கியபோதுதான் பாசி அகன்றது. நீரோட்டம் விநாடிக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் டார்லிங்கில் அனபீனா தலைதூக்குவது கடினம் எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. 1995இல் மர்ரே-டார்லிங் படுகையில் பாசனத்துக்கு எடுக்கும் நீருக்கு வரம்பு விதிக்கப்பட்டது.

அதுவும் போதவில்லை. 2018-19 கோடையில் மெனிண்டீ ஊர் அருகே டார்லிங் ஆறு மறுபடி தேங்கிப் பாசி கட்டியது. திடீரென வீசிய குளிர்காற்று அடுக்குகளைக் கலக்கிவிட, ஆக்சிஜன் இல்லாத அடிநீர் மேலே பரவி லட்சக்கணக்கான மீன்கள் மூச்சுத்திணறிச் செத்தன. 2019 பிப்ரவரியில் வெளிவந்த ஆஸ்திரேலிய அறிவியல் அகாதெமியின் அறிக்கை, வறட்சியோடு மேற்பகுதியில் அளவுமீறி நீர் எடுத்ததையும் காரணமாகச் சொன்னது.